சொங்கெட் தறிக்குத் துணை நிற்பது எப்படி: மலாய் நெசவுக் கலைகளுக்கு உதவ முன்வரும் கொடையாளர்களுக்கும் சமூகக் குழுக்களுக்குமான முழுமையான வழிகாட்டி

பொன்னிழையால் பூ எடுத்து நெய்யும் மலாய்த் துணிக்குச் சொங்கெட் என்று பெயர். மலேசியாவின் கோலத் திரங்கானு நகரத்துக் கைவினைக் கடைகளில், இடுப்பில் சுற்றும் சொங்கெட் சம்பிங் ஒன்றின் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மடித்து வைத்து நகர்கிறவர்கள் பலர். ஓர் இடுப்புத் துணிக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுக்க நடுத்தரக் குடும்பத்துக்கு மனம் வராது. அதில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அவ்வளவு விலை வைத்த பிறகும், அதை நெய்தவருக்கு நாள் கணக்கில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தால்தான் இந்தக் கலை ஏன் தள்ளாடுகிறது என்பது விளங்கும்.

திரங்கானு, கிளந்தான், பகாங் அரண்மனைகள் ஒரு காலத்தில் இந்தத் தறிகளுக்குச் சோறு போட்டன. ஒரு துணி முடிய மூன்று மாதம் ஆனாலும் ஆறு மாதம் ஆனாலும் அரண்மனை காத்திருந்தது. காத்திருக்கும் காலத்தில் நெசவாளரின் வீட்டில் அடுப்பும் எரிந்தது. இன்றைய சந்தை காத்திருக்காது. யுனெஸ்கோ 2021 டிசம்பரில் மலேசியாவின் சொங்கெட்டை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பெருமைக்குரிய செய்திதான், என்றாலும் பட்டியல் யாருக்கும் கூலி கொடுப்பதில்லை. அரண்மனை செய்த அந்தக் காத்திருப்பை இன்று யார் செய்வது என்ற கேள்விக்கு அறக்கொடையும் சமூகமும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். ஓர் அறக்கட்டளையோ, ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவோ, ஒரு முன்னாள் மாணவர் சங்கமோ, பத்துக் குடும்பங்கள் சேர்ந்த கிராமக் குழுவோ எங்கிருந்து தொடங்குவது, எதில் பணத்தைப் போடுவது, எதில் போடாமலிருப்பது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு கலை, ஓர் ஊர்

“மலாய் நெசவுக் கலைகள்” என்று மொத்தமாகச் சொல்லித் திட்டம் தீட்டினால் பணம் கண்காட்சிப் பந்தலிலேயே கரைந்துவிடும். ஒவ்வொரு கலையின் நோயும் வேறு. திரங்கானு, கிளந்தான் சொங்கெட்டில் கை தேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லாதது அடுத்த தலைமுறையும் நியாயமான கூலியும். பகாங்கின் பெக்கான் வட்டாரத்து தெனுன் பகாங் டிராஜா அரச ஆதரவில் மீண்டெழுந்த நெசவு. பெனோர் சிறைச்சாலையில் கைதிகள்கூட அதை நெய்யக் கற்றிருக்கிறார்கள். பேராக்கின் கோலக் கங்சாரில் உள்ள தெகாட், வெல்வெட் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெட்டிய அட்டை வடிவத்தின் மேல் பொன்னிழையைப் பதித்துத் தைக்கும் புடைப்புத் தையல். மணமேடை, தலையணை, விசிறி என்று அதன் தேவை திருமணத்தைச் சார்ந்தே நிற்கிறது. சரவாக் மலாய்ப் பெண்களின் தலைத்துகிலான கெரிங்காமில், மெல்லிய துணியில் தட்டையான பொன்னிழையைக் கோத்துப் பூ எடுக்கிறார்கள்.

இவற்றைவிட மோசமான நிலையில் இருப்பவை இரண்டு. ஒன்று தெலெப்போக்: துணியைச் சோழியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோலப் பளபளக்கச் செய்து, செதுக்கிய மர அச்சில் பசை தடவிப் பதித்து, அதன் மேல் பொன் தகட்டை ஒட்டும் கலை. மற்றொன்று லீமார்: குறுக்கே ஓடும் ஊடை நூலை நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயமிட்டு, நெய்யும்போது உருவம் தானாக எழும்படி செய்யும் பட்டு. இவை இரண்டிலும் பணம் போடுகிறவர் சந்தையை எதிர்பார்க்கக் கூடாது. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். மெழுகு தடவிச் சாயமிடும் பாத்தேக் துணிக்கோ அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் அணியும் வழக்கத்தால் ஓரளவு நிலையான வாங்குவோர் இருக்கிறார்கள். என் கணிப்பில், சிறு கொடையாளர் முதலில் பாத்தேக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையில்லை.

தேர்வு செய்யும்போது “தூய்மையான மரபு” என்ற அளவுகோலை மட்டும் தூக்கிப்பிடிக்காதீர்கள். நாம் கைலி என்று சொல்லும் கட்டம் போட்ட துணிக்கு மலாயில் காயின் பெலிக்காட் என்று பெயர். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி வந்ததால் அந்தப் பெயர். குஜராத்தின் பட்டோலாப் பட்டு இங்கே சிந்தாய் என்று பெயர் பெற்று, லீமாரின் உருவங்களிலும் கலந்தது. சோழமண்டலக் கரையும் குஜராத்தும் சீனாவும் மலாக்காத் துறைமுகத்தில் கைகுலுக்கிய கதை இந்தத் துணிகளில் இழையோடியிருக்கிறது.

இரண்டாம் படி: நெசவாளரை மட்டும் எண்ணாமல், கைகளை எண்ணுங்கள்

ஊரில் எத்தனை நெசவாளர் என்று கணக்கெடுத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் வழக்கமான பிழை. ஒரு சொங்கெட் துணிக்குப் பின்னால் ஒரு சங்கிலியே இருக்கிறது. நூலுக்குச் சாயம் ஏற்றுபவர், ஊடை நூலைத் தாராகச் சுற்றுபவர், நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவை ஓட்டுபவர், சீப்புப் போன்ற அச்சில் இழை இழையாகப் பாவைக் கோப்பவர், பாவு இழைகளைத் தூக்கும் விழுதைக் கட்டுபவர், பூ எடுத்துக் கட்டுபவர், கடைசியில்தான் நாடாவை வீசி நெய்பவர். தறியைச் செய்து தரும் தச்சரையும் இதில் சேர்க்க வேண்டும். பாவு ஓட்டுவதையும் பூக் கட்டுவதையும் பல நெசவாளர்கள் அதற்கென்றே உள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவதுண்டு. அந்த ஒருவர் முதுமையால் ஓய்ந்தால் சுற்றுவட்டாரத்துத் தறிகள் அத்தனையும் நின்றுபோகும்.

பூ எடுப்பது எப்படி என்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சொங்கெட் என்ற சொல்லே, குத்தி எடுத்தல் என்ற பொருளுள்ள சுங்கிட் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். பாவு முழுவதும் விரித்த தறியின் முன்னால் அமர்ந்து, இழைகளை எண்ணி எண்ணி, எவை மேலே எழ வேண்டும், எவை கீழே கிடக்க வேண்டும் என்று பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஈர்க்கைச் செருகுகிறார்கள். லிடி என்று அதற்குப் பெயர், நம் வீட்டுத் துடைப்பத்து ஈர்க்குதான். உருவம் முழுவதும் ஈர்க்குகளாக நிறைந்த பின், ஒவ்வோர் ஈர்க்கும் தூக்கிய இழைகளை நூல் வளையங்களால் கட்டி நிலைப்படுத்துவார்கள். புத்தாங் எனப்படும் அந்தக் கட்டுகளை வரிசைப்படி தூக்கத் தூக்க, அதே பூ மறுபடி மறுபடி துணியில் எழும். ஓர் இழை தவறினால் மூங்கில் குருத்தைக் குறிக்கும் புச்சோக் ரெபோங் முக்கோணத்தின் முனை சாய்ந்துவிடும். அதைக் கண்டுபிடித்து அவிழ்ப்பது நெய்வதைவிடக் கடினம்.

ஆகவே உங்கள் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன, அவர்களிடம் யார் கற்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளும் இருக்க வேண்டும். எந்த வேலைக்கு ஒரே ஒரு கை மட்டும் மிஞ்சியிருக்கிறதோ, உங்கள் முதல் ரிங்கிட் அங்கேதான் போக வேண்டும்.

மூன்றாம் படி: நாள் கணக்கைப் போடுங்கள்

பெரும்பாலான நெசவாளர்கள் துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, வீட்டிலிருந்தபடியே நெய்கிறார்கள். நூலைக் கொடுப்பதும் துணியை வாங்கிக்கொள்வதும் தொழில்முனைவோர் ஒருவர். இந்த ஏற்பாட்டில் நேரம் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. ஒரு குறிப்பேடு கொடுத்து, ஒரு துணிக்கு எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி என்பதை நெசவாளரையே எழுதச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டுக்கு, ஒரு சம்பிங்குக்கு 60 வேலைநாள் பிடித்து, கூலி 1,200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 ரிங்கிட் ஆகிறது. மலேசியாவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 முதல் மாதத்துக்கு 1,700 ரிங்கிட். 26 வேலைநாளால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். அதே 60 நாளுக்கு 3,900 ரிங்கிட் வர வேண்டும். இடையில் விழும் 2,700 ரிங்கிட்தான், மகளைத் தறிப் பக்கம் வரவிடாமல் பேரங்காடி வேலைக்கு அனுப்புகிறது. கொடையின் அளவைத் தீர்மானிக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: சட்ட வடிவம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏழு பேர் சேர்ந்தால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நெசவாளர்களே உரிமையாளர்களாக இருக்க விரும்பினால் கூட்டுறவுச் சங்கம் பொருத்தமானது. பெரிய தொகையை நீண்ட காலம் நிர்வகிப்பதானால் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக அறக்கட்டளையைத் தொடங்குவது வழக்கம். வருமான வரிச் சட்டம் 1967இன் 44(6) பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கு, கொடுப்பவரின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். புதிய குழு அந்த ஒப்புதலுக்காக ஓராண்டு அலைவதைவிட, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஓர் அறக்கட்டளையின் குடையின்கீழ் தனிக் கணக்காகத் தொடங்குவது நல்லது. அந்த ஏற்பாட்டில் பணம் எந்தச் செலவுக்கு மட்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

நிர்வாகக் குழுவில் நெசவாளர்கள் குறைந்தது பாதிப் பேராவது இருக்கட்டும். கூட்டத்தைக் கோலாலம்பூர் ஓட்டலில் வைத்தால் அவர்களால் வர முடியாது. தறி இருக்கும் ஊரில், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வைத்தால் வருவார்கள்.

ஐந்தாம் படி: பணம் எங்கே போக வேண்டும்

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு திட்டத்தில், நல்ல மனத்தோடு பன்னிரண்டு புதுத் தறிகளை வாங்கிக் கொடுத்தார்கள். திறப்பு விழா நடந்தது, படம் எடுத்தார்கள், நாடா வெட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் போனபோது அவற்றில் ஒன்பதின் மேல் துணி காயப்போட்டிருந்தது. நூல் வாங்கக் கைமுதல் இல்லை, பாவு ஓட்டித் தர ஆள் இல்லை, நெய்தால் வாங்க ஆள் இல்லை. தறியைக் கொடுப்பது எளிது; கண்ணுக்குத் தெரியும். அதனாலேயே எல்லோரும் அதைக் கொடுக்கிறார்கள்.

முதலில் ஒரு நூல் வங்கியைத் தொடங்குங்கள். பட்டும் பொன்னிழையும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை; சிறு அளவில் வாங்கும் நெசவாளருக்கு விலை கூடும், ஒரே நிறம் இரண்டாம் முறை கிடைக்காமலும் போகும். குழு மொத்தமாக வாங்கி வைத்து, நெசவாளருக்குக் கடனாகக் கொடுத்து, துணி விற்றதும் அசலை மட்டும் திரும்பப் பெறுவது போதும். வட்டி வேண்டாம், ஊரின் இஸ்லாமிய மார்க்க நெறிக்கும் அதுவே பொருந்தும். கிழக்குக் கரையில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. வெள்ளம் புகும் ஊர் என்றால் நூலையும் பாவுச் சுருளையும் உயரத்தில் வைக்க ஒரு பரண் கட்டித் தருவது, ஒரு கண்காட்சியைவிடப் பயனுள்ள செலவு.

அடுத்தது பயிலுநருக்கான மாதப்படி. ரவாங்கில் உள்ள தேசியக் கைவினைக் கழகம், நெசவும் பாத்தேக்கும் உட்படப் பல துறைகளில் முறையான படிப்பைத் தருகிறது. 1979இல் தொடங்கிய மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகமான கிராஃப்தாங்கான், தேர்ந்த கைவினைஞர்களை ஆடிகுரு என்று சிறப்பிக்கிறது. இவற்றோடு போட்டியிடாதீர்கள். அங்கே படித்து முடித்த பெண் ஊருக்குத் திரும்பி, மூத்த நெசவாளரிடம் மேலும் இரண்டாண்டு உட்காருவதற்குரிய படியை நீங்கள் கொடுங்கள். கற்பவருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. கற்பிக்கும் நேரத்தில் மூத்தவரின் தறி நிற்கிறது, அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும். அப்படி ஈடுகட்டாத திட்டங்களில் “வந்து பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள்” என்று மூத்தவர் சொல்வார். ஆனால் கையைப் பிடித்துச் சொல்லித்தர அவருக்கு நேரம் இருக்காது.

மூன்றாவது, யாரும் கவனிக்காத ஒன்று: சமூகப் பாதுகாப்பு. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பு சுயதொழில் செய்பவர்களுக்காக நடத்தும் திட்டம் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஊழியர் சேமநிதியில் சுயதொழிலாளர்கள் தாமாகச் சேர ஐ-சாரான் என்ற திட்டம் உள்ளது. இவற்றுக்கான சந்தாவை முதல் மூன்றாண்டு குழுவே கட்டினால், நெசவும் “வேலை” என்ற கணக்கில் சேர்ந்துவிடும். மகளுக்கு வரன் பார்க்கும் தாய்க்கும், வங்கியில் கடன் கேட்கும் நெசவாளருக்கும் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். நெசவாளரின் கண்கண்ணாடிக்கும் முதுகுவலி மருத்துவத்துக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். ஈர்க்கு செருகும் வேலையில் முதலில் போவது கண்தான்.

ஆறாம் படி: காத்திருந்து வாங்குபவர்களைத் திரட்டுங்கள்

மலேசியாவின் பதிமூன்றாம் பேரரசரின் துணைவியாரான துவாங்கு நூர் ஸாஹிரா 2007இல் தம் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை, நெசவாளர்களுக்குப் பயிற்சி அளித்ததோடு நிற்காமல், திரங்கானு சொங்கெட்டை இன்றைய உடைக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்றபடி மாற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனது. சடங்கு நாளில் மட்டும் பெட்டியிலிருந்து வெளிவரும் துணியால் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதை அந்த முயற்சி சரியாகப் புரிந்துகொண்டது.

சிறு குழுவால் அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், நிறுவன ஆர்டர்களைப் பிடிக்க முடியும். பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு அங்கிகளில் சொங்கெட் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு பங்கையாவது கைத்தறியிலிருந்து வாங்கும்படி பழைய மாணவர் சங்கங்கள் கேட்கலாம். நிறுவனங்கள் விருந்தினருக்குத் தரும் நினைவுப் பரிசுகளும் அப்படியே. ஆர்டர் எடுக்கும்போது பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். ஒப்படைக்கும் நாளை நெசவாளரைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். ரம்லான் மாதத்தையும் வெள்ள மாதங்களையும் கழித்துக் கணக்கிடாத ஆர்டர், கடைசியில் நெசவாளரைத் தூங்கவிடாது.

நடுத்தரக் குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு. குழுவின் பணத்தில் முழுக் கூலி கொடுத்து ஆண்டுக்கு ஆறு நல்ல சம்பிங்குகளை நெய்வித்து, மணமக்களுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம். சில ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்க முடியாதவர் இருநூறு ரிங்கிட்டுக்கு உண்மையான சொங்கெட்டை ஒரு நாள் உடுத்துவார். அதன் கனத்தையும் மினுக்கத்தையும் உடலில் உணர்ந்தவர், அடுத்த முறை அச்சடித்த போலியைக் கண்டதும் அடையாளம் சொல்லிவிடுவார்.

ஏழாம் படி: பூக்களைப் பதிவு செய்யுங்கள்

மங்குஸ்தான் பழத்தின் அடிப்புல்லியைக் குறிக்கும் தம்போக் மங்கிஸ், கிராம்புப் பூ, சிதறிய பூக்களாலான தாபோர், இடைவெளியே இல்லாத நிறைபூ என்று உருவங்களின் பெயர்கள் ஒரு சொல்லகராதி அளவுக்கு இருக்கின்றன. படம் எடுத்து வைப்பது பதிவாகாது. எத்தனை இழைக்கு எத்தனை, எந்த வரிசையில் ஈர்க்கு ஏறுகிறது என்பதைக் கட்டத்தாளில் வரைந்து, அருகில் சிறு மாதிரித் துணி ஒன்றை நெய்து ஒட்டி, யார் சொன்னது, எந்த ஊர்ப் பெயர் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஒரே பூவுக்குக் கிளந்தானில் ஒரு பெயரும் திரங்கானுவில் வேறொரு பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பதிவேட்டின் ஒரு படி ஊரிலேயே இருக்கட்டும். அனுமதியில்லாமல் அதைப் பொதுவெளியில் ஏற்றினால், அடுத்த பெருநாளுக்குள் விசைத்தறிக்காரர் ஒருவர் அதே பூவை மலிவுப் பாலியெஸ்டரில் இறக்கியிருப்பார். குடும்பம் தனக்கே உரியதாகக் கருதும் பூ இருந்தால், அதை மூடிய உறையில் வைத்து, திறக்கும் உரிமையை அந்தக் குடும்பத்திடமே விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: சீட்டில் உண்மையை எழுதுங்கள்

போலியை எதிர்த்துக் கோஷமிடுவதைவிட, உண்மையான துணியை வாங்குபவருக்கு அடையாளம் காட்டுவது பயன் தரும். ஒவ்வொரு துணியோடும் நெய்த ஊர், நெய்த நாட்கள், நூலின் தன்மை, பூவின் பெயர் கொண்ட சீட்டு போகட்டும். நெசவாளர் விரும்பினால் அவர் பெயரும் சேரட்டும். பொன்னிழை இன்று பெரும்பாலும் உலோகப் பூச்சுள்ள செயற்கை இழைதான். அதைத் தங்கம் என்று எழுதாதீர்கள். வாங்குபவருக்குத் துணியின் பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டப் பழகுங்கள். அச்சடித்த துணியில் பின்பக்கம் மங்கலாகவோ வெறுமையாகவோ கிடக்கும். கைச் சொங்கெட்டின் பின்பக்கத்தில் பூவுக்குப் பூ ஓடும் இழைகள் கண்ணுக்குத் தெரியும். மலேசியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் கைவினைப் பொருட்களுக்கும் பொருந்தும். ஊர்க் குழுக்கள் சேர்ந்து தரவிதிகளை ஒப்புக்கொள்ள முடிந்தால் அந்தப் பாதையிலும் போகலாம், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும்.

ஒன்பதாம் படி: பழைய துணிகள்

பல வீடுகளில் பாட்டியின் சொங்கெட் நாலாக மடித்துப் பெட்டியில் கிடக்கிறது. மடிப்புக் கோட்டில்தான் பொன்னிழை முதலில் ஒடியும். ஆகவே அமிலமற்ற தாள் சுற்றிய குழலில் பூப் பக்கம் வெளியே வரும்படி உருட்டி வைக்க வேண்டும். அத்தர் தெளிக்கவோ துவைக்கவோ கூடாது. ஊரில் ஒரு நாள் முகாம் வைத்து இதைக் கற்றுக்கொடுத்தால், யார் வீட்டில் என்ன பூ இருக்கிறது என்ற செய்தியும் தானாகவே பதிவேட்டுக்கு வந்து சேரும். கோலாலம்பூரின் தேசிய ஜவுளி அருங்காட்சியகமும் திரங்கானு மாநில அருங்காட்சியகமும் பழைய துணிகளைப் பேணுகின்றன. குடும்பம் கொடுக்க விரும்பினால் வழிகாட்டுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

பத்தாம் படி: எதை எண்ணுவது, எப்போது விலகுவது

ஆண்டறிக்கையில் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற எண் பளிச்சென்று இருக்கும், அதை நம்பாதீர்கள். பயிற்சி முடித்து மூன்றாம் ஆண்டிலும் தறியில் இருப்பவர் எத்தனை பேர், நெசவாளரின் நாள் வருமானம் எவ்வளவு உயர்ந்தது, கொடையாளர் அல்லாதவர்கள் வாங்கிய துணிகள் எத்தனை, ஒரே கை மட்டும் மிஞ்சியிருந்த வேலைக்கு இப்போது எத்தனை கைகள் என்ற நான்கையும் எண்ணுங்கள். ஐந்தாண்டுக்குக் குறைவான உறுதியோடு இந்த வேலையில் இறங்காதீர்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து கூலி மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, நூல் வங்கியின் சாவியையும் கணக்கேட்டையும் நெசவாளர் குழுவிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வீட்டுக்குக் கீழே தறிச் சத்தம் கேட்டால் உள்ளே போய் அந்தக் கணக்கேட்டைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கையெழுத்து இல்லாத கடைசிப் பத்துப் பக்கங்களும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், பக்கத்து ஊரில் முதல் படியிலிருந்து தொடங்கலாம்.